மங்கலாகிப் போன தையல் மிஷின்

"உன் தையல் மிஷினை வித்துட்டு லென்ஸ் வாங்கப் போறேன்" என்று என் வீட்டுக்காரர் பல் துலக்கிக்கொண்டே அறிவித்தார். வாய் நிறைய நுரை இருந்ததால் முதலில் எனக்குப் புரியவில்லை. கொப்பளித்துவிட்டு வந்து இன்னொரு தடவை சொன்னார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். வாரம் ஆறு நாள் ஊரையே மேலே ஏற்றி இறக்குவார். ஏழாம் நாள் தரையில் குப்புறப் படுத்து எறும்பைப் படம் எடுப்பார். எறும்பின் மீசை எண்ணுகிற மாதிரி தெரிய வேண்டுமாம். பின்னால் இருப்பதெல்லாம் பனி மாதிரி கரைய வேண்டுமாம். அதற்கு மேக்ரோ லென்ஸ். அவர் பார்த்து வைத்திருக்கும் புது லென்ஸுக்கு, மிஷினோடு என்னையும் பாப்பாவையும் சேர்த்து விற்றால்தான் கட்டும்.

"கீழ்வீட்டு ஸ்டுடியோக்காரர் பழைய லென்ஸைக் கால் விலைக்குத் தர்றேன்னாரே?"

"அதுல மங்கல் பத்தாது. உனக்கு இதெல்லாம் புரியாது."

புரியாதுதான். ஆனால் நாலு பேரிடம் பேசவே கூசுகிற என்னிடம், நாலு பேர் துணியோடு வந்து கதவைத் தட்டுவது அந்த மிஷினால்தான். அது போனால் நான் யாரோ.

சண்டை போட எனக்கு வராது. "சரிங்க, வித்துடுங்க. விளம்பரத்துக்குப் படம் வேணுமே? அந்தப் பழைய லென்ஸை ரெண்டு நாளைக்கு இரவல் வாங்கிட்டு வாங்களேன்" என்றேன்.

வாங்கி வந்தார். மிஷின் முன்னால் மண்டியிட்டார்.

"என்னங்க, அந்த ஊசி எப்படி மின்னுது பாருங்க! இன்னும் கிட்டப் போங்க."

"போறேன், போறேன்."

"பின்னாடி இன்னும் கொஞ்சம் கரையட்டும்."

"அட, கரையுதுடி!"

கரைந்தது. சக்கரம் கரைந்தது, மேசை கரைந்தது, மிஷினே கரைந்தது. ஊசி மட்டும் ஜம்மென்று நின்றது. பூரித்துப்போய் அதையே விளம்பரத்தில் போட்டார்.

முதல் போன்: "ஒரு ஊசிக்கா சார் இந்த விலை?"

இரண்டாவது: "ஊசி எத்தனை பாக்கெட் இருக்கு?"

"ரசனை கெட்ட ஜனங்க!"

"முழு மிஷினும் தெரியற மாதிரி வேற படம் எடுங்களேன்" என்றேன், ஒப்புக்கு.

"கலையைக் கெடுக்கச் சொல்றியா?"

அப்பாடா.

மறுநாள் மூன்றாவது போன். "சார், மிஷின் வேண்டாம். அந்தப் படம்! பின்னணி என்னமா குழைஞ்சு போயிருக்கு! எந்த லென்ஸ்?"

"அது... பழசுங்க. இரவல்."

"யார்கிட்ட இருக்குன்னு சொல்லுங்க, இப்பவே போய் வாங்கிக்கிறேன்."

"வித்துப் போச்சு!" என்று போனை வைத்தவர், சட்டைப் பொத்தான்கூடப் போடாமல் மாடிப்படியில் இறங்கி ஓடினார்.

சாயங்காலம் நான் நிம்மதியாகப் பாப்பாவின் கவுனுக்கு விளிம்பு அடித்தேன். அவர் பழைய லென்ஸைப் பச்சைக் குழந்தை மாதிரி துடைத்துக்கொண்டிருந்தார்.

"கால் விலையில முடிச்சேன் பார்த்தியா? போன்ல பேசின அந்த ஆள் ஒரு பெரிய கலைஞன். பேச்சுலயே தெரிஞ்சுது."

தெருமுனைக் கடைக்காரர் போனை வாங்கிக் குரலை மாற்றிப் பேசிய என் தம்பிக்கு, கேமராவில் எந்தப் பக்கம் கண்ணை வைக்க வேண்டும் என்றுகூடத் தெரியாது.