கம்ப்யூட்டருக்குப் போட்ட துண்டு

மனித குலம் நெருப்பைக் கண்டது. சக்கரத்தைக் கண்டது. பிறகு 1988-ல், போடிநாயக்கனூரில், 'ஜன்னல்' கண்டது. நடுவில் நடந்ததெல்லாம் சில்லறைச் சமாச்சாரம்.

அந்த ஜன்னலைக் கண்ட மகான் திருப்பதி. மெட்ராஸில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்து, மலைச்சரிவு ஏலக்காய் வியாபாரிகள் சங்கத்தில் 'தற்காலிகக் கணிப்பொறி அலுவலர்' நாற்காலியை அலங்கரித்துக்கொண்டிருந்தான். மற்ற ஊர்களில் பேசிக், கோபோல் என்ற கம்ப்யூட்டர் மொழிகள் கொடிகட்டிப் பறந்த காலம். இவனோ ஃபோர்த் என்ற மொழியில்தான் எழுதுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றான். செயற்குழு கூடியது.

"அந்த மொழி எத்தனை பேருக்குத் தெரியும் அப்பு?" என்றார் தலைவர் உக்கிரபாண்டி.

"இந்த ஜில்லாவுல எனக்கு மட்டும்தாங்கய்யா."

"சேல்ஸ் டாக்ஸ்காரனுக்கு?"

"சத்தியமாத் தெரியாதுங்க."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

மொழியின் மகிமையை அவர்களுக்குப் புரியும்படியே சொன்னான். "குடோன் மூட்டை மாதிரிதாங்க. ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கணும். கடைசியா வச்சதுதான் முதல்ல வெளிய வரும்."

"அப்ப அடி மூட்டை பூஞ்சை பூத்துப்போகுமே?" என்று பொருளாளர் பிச்சைமணி கவலைப்பட்டார். அனுபவஸ்தர்.

ஃபோர்த் சிக்கனமான மொழி. துளியூண்டு இடத்தில் அடங்கும். ஆனால் ஜன்னல், பொத்தான் என்று அதில் ரெடிமேடாக எதுவும் கிடையாது. புள்ளி புள்ளியாக வைத்து அவனே வரைய வேண்டும். வரைந்ததற்குப் பேரும் அவனே வைக்க வேண்டும். வைத்தான். கண் சிவக்கச் சிவக்க உட்கார்ந்து, திரையில் நாலு சட்டம் போட்ட ஜன்னல், உள்ளே மூட்டைப் படம், அதன் கீழே விலை, ஓரத்தில் 'சம்மதம்' என்றொரு பொத்தான் என்று எல்லாம் வரைந்துவிட்டான். விலை எல்லோர் கண்ணுக்கும் தெரியும்! புரட்சி!

புரட்சிக்கு ஒரு சொந்தக் காரணமும் இருந்தது. அவனுடைய அத்தை அன்னக்கொடி. போடிமெட்டுக்குக் கீழே சரிவில் ஏலத்தோட்டம் வைத்திருப்பவள். இந்த ஊரில் ஏலக்காய்க்கு விலையை வாயால் சொல்வது அநாகரிகம். விற்பவரும் வாங்குபவரும் கைமேல் துண்டைப் போட்டுக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். ஆம்பிளைகளுக்கு மத்தியில் துண்டுக்குள் கைவிட்ட ஒரே பெண் அத்தைதான். அவளிடம் விலை குறைத்த விரல்களுக்குச் சுளுக்கு எடுப்பதற்கென்றே ராசிங்காபுரத்தில் ஒரு வைத்தியர் பிழைத்துக்கொண்டிருந்தார்.

"ஒம் மிசினு எங்காயிக்கு நியாயமான வெலை வாங்கிக் குடுக்கட்டும் மாப்ளே. தையில வேலுத்தாய் கழுத்துல தாலியக் கட்டிக்க. இல்லேன்னா தேவாரம் ஊரு மாப்பிள்ளை வீட்டுக்காரவுக வெத்தலைபாக்கோட நிக்கிறாக" என்றாள் அத்தை.

வேலுத்தாய் அத்தையின் மகள். கதவோரம் நின்று இவனைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காக இவன் ஃபோர்த்தில் கோயில் கோபுரமே கட்டியிருப்பான்.

வெள்ளோட்டம் நடந்தது. திரையில் விலை பளிச்சென்று நின்றது. ஒரு வியாபாரியும் விலைக்குக் கை நீட்டவில்லை. பந்தியில் வேட்டி அவிழ்ந்தவர்கள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கடைசியில் பிச்சைமணி பொறுக்கமாட்டாமல் தன் தோள்துண்டை எடுத்து மானிட்டர் மேல் போர்த்தினார். அவ்வளவுதான், ஆளாளுக்குத் துண்டுக்குள் தலையை விட்டுப் பார்க்க, யாவாரம் ஜோராகச் சூடுபிடித்தது. ஆனால் கம்ப்யூட்டர் புழுங்கி மயக்கம் போட்டுவிட்டது.

மறுபடியும் செயற்குழு.

"துண்டை வெளிய போட்டாத்தான மிசினு சூடாகுது? உள்ளயே ஒரு துண்டு வரைஞ்சிரு அப்பு. வெரசா முடி" என்றார் தலைவர்.

"அதுக்குள்ள யாரு கை இருக்கும்ங்கய்யா?"

"எங்க கைதான். ஓரத்தைத் தூக்கி நாங்க மட்டும் பாத்துக்கிற மாதிரி ஒரு பொத்தான் வையி."

"விக்கிறவுக கை?"

தலைவர் மேஜை இழுப்பறையை இழுத்தார். 'பணி நிரந்தர ஆணை' என்று டைப் அடித்த தாளை வெளியே எடுத்து, விசிறி மாதிரி லேசாக ஆட்டினார். நல்ல காற்று வந்தது. திருப்பதி நீண்ட தொழில்நுட்ப ஆராய்ச்சிக்குப் பின், விற்பவர் கைக்குக் கம்ப்யூட்டரில் இடம் பத்தாது என்று கண்டுபிடித்தான். அத்தனை சிக்கனமான மொழியிலும் அந்த ஒரு கைக்கு மட்டும் இடமில்லாமல் போனது விஞ்ஞானத்தின் விசித்திரங்களில் ஒன்று.

ஆனால் துண்டை மட்டும் என்னமாய் வரைந்தான்! கரை போட்டு, குஞ்சம் வைத்து, ஓரத்தில் சுருக்கம்கூட விழுந்தது.

திறப்பு விழா. மாலை, மைக், கேசரி. முதல் சரக்கு அன்னக்கொடியுடையது. அவளை முன்வரிசையில் உட்காரவைத்துச் சோடா கொடுத்தார்கள். வியாபாரிகள் ஒவ்வொருவராக வந்து, துண்டின் ஓரத்தைத் தூக்கி, முன்னவர் போட்ட விலையைப் பார்த்து, புன்னகைத்து, தங்கள் பங்குக்கு ஒரு காசு மட்டும் கூட்டித் தட்டிவிட்டுப் போனார்கள். மணி அடித்தது. 'விலை முடிந்தது. நன்றி' என்று வந்தது. கழிவுக்காய்க்குக்கூடக் கேட்கக் கூசும் விலை.

அன்னக்கொடி எழுந்தாள். மானிட்டருக்குப் பின்னால் கையைவிட்டுத் துழாவினாள். ஒயர்தான் அகப்பட்டது.

"எங்கிட்டு இருக்கு மாப்ளே கை?"

"அத்தே... இது கிராஃபிக்ஸு..."

"நான் வெரலே குடுக்கலையே. யாருடா முடிச்சது?"

"விற்பவருக்கு இதில் பார்வையாளர் அந்தஸ்து உண்டும்மா" என்றார் தலைவர் மைக்கில்.

அவள் மைக்கைச் சட்டை செய்யவில்லை. வாசலில் நின்ற தன் ஜீப் டிரைவர் பக்கம் திரும்பி, "ஜக்கையா, மூட்டைய ஜீப்புல ஏத்து. மெட்டுக்கு அந்தப் பக்கம் கேரளாவுல வித்துக்கிர்றேன். அப்படியே தேவாரத்துக்காரவுகளுக்கும் சம்மதம்னு சொல்லி விட்ரு" என்றாள். பிறகு திரையை ஒருதரம் நின்று பார்த்தாள்.

"துண்டு நல்லா இருக்கு, தம்பி."

தம்பி! அதுவரை மாப்ளே தவிர வேறெதுவும் சொல்லாத வாய். திருப்பதி கேசரித் தட்டைக் கீழே வைத்தான்.

"துண்டுக்குள்ள ரெண்டு கை இருந்தா அது யாவாரம். ஒத்தக் கை மட்டும் பூந்து எம் மூட்டையத் தடவுனா, அதுக்கு எங்க ஊர்ல வேற பேரு."

அந்த 'வேறு பெயரை' நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றலாமா என்று செயற்குழு அன்றே அவசரமாகக் கூடி ஆராய்ந்தது. வேண்டாம் என்று ஏகமனதாக முடிவாயிற்று. வழிமொழிந்தவர் நிரந்தரக் கணிப்பொறி அலுவலர் திருப்பதி. அதே தொழிலுக்குத்தான் 'நவீனமயம்' என்று பெயர் சூட்டி, காலையிலேயே வாசலில் போர்டு மாட்டியாகிவிட்டதே!