மணி அடித்தால் விலை ஏறும்

ஞாயிற்றுக்கிழமை ஆம்பூரில் பிரியாணியை விட்டுவிட்டு ஜனம் வேறொன்றுக்கு வரிசை நின்றால், அது சாதாரண விஷயம் இல்லை. பைபாஸ் ஓரக் கல்யாண மண்டபத்துக்கு வெளியே செருப்பு குவிந்து கிடந்தது. உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்புகிறவர்கள் வெறுங்காலோடு உள்ளே போனார்கள். மேடையில் ஒரு வைஃபை பெட்டி. அதற்குச் சந்தனம், குங்குமம், எலுமிச்சை மாலை. இத்தனையையும் தாங்கிக்கொண்டு அது ஒழுங்காக வேலை செய்ததுதான் அங்கே நடந்த ஒரே உண்மையான அற்புதம்.

பெட்டிக்குப் பக்கத்தில் காயின் சாமி. முன்பு நந்தகோபால், நாட்றம்பள்ளியில் ரீசார்ஜ் கடை. இப்போது 'ஐஸ்வரிய காயின்' என்ற கிரிப்டோ நாணயத்துக்கு அதிபதி. கையால் தொட முடியாத நாணயம். ஆகவே தெய்வீகம்.

சாமி மணி அடிப்பார். பின்னால் பெரிய திரையில் விலைக்கோடு பச்சையாகக் குபீரென்று ஏறும். "மேலோகத்துல வாங்குறாங்க!" என்பார். ஜனம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். நகையைக் கழற்றித் தட்டில் வைத்தால், வைத்தவர் போனுக்குச் சாமி காயின் அனுப்புவார். ஒரு மண்டலம் விற்கக் கூடாது. விற்றால் தோஷம். யாருக்கு என்று அவர் சொல்லவில்லை.

இன்னொரு விதியும் உண்டு. மணி அடிக்கும்போது எல்லார் போனும் ஷூ பெட்டிக்குள் போய்விட வேண்டும். சிக்னல் சாமிக்கு ஆகாதாம். வைஃபை மட்டும் ஆகும்.

கடைசி வரிசையில் கார்முகிலன் உட்கார்ந்திருந்தான். கம்ப்யூட்டர் படித்தவன். ஷூ கம்பெனி ஏற்றுமதிப் பிரிவில் வேலை. அவன் சாமியைப் பார்க்க வரவில்லை. மாமியார் தனபாக்கியத்தின் மடியிலிருந்த நகைப் பெட்டியைப் பார்க்க வந்திருந்தான். அதில் ஸ்வேதாவின் ஆரம். ஸ்வேதா அவன் மனைவி. போன ஆடியில் காய்ச்சலில் போய்விட்டாள். அம்மா வீட்டு ஆரம் என்று அவனே திருப்பிக் கொடுத்திருந்தான்.

"அத்தை, வேணாம்."

"பொட்டில சும்மாதானே கெடக்குது மாப்ளே? கண்ணு முன்னால ஏறுது பாருங்க. அவ பேர்ல ஒரு தண்ணி டேங்க் கட்டலாம்."

"யாரு வாங்குறதால ஏறுது?"

"தேவர்கள்."

"கேட்டுப் பாத்தீங்களா?"

"தேவர்களைப் போயி எப்படி கேக்கறது?"

கேட்கலாம். கிரிப்டோவில் நடக்கும் ஒவ்வொரு வாங்கலும் விற்றலும் ஊர் பார்க்கப் பதிவாகிறது. அதைத் தேடிக் கொடுக்க இணையத்தில் ஒரு தளம் இருக்கிறது. எந்தக் காயின், யார் வாங்கினார், யார் விற்றார் என்று நாலு வரியில் கேள்வி எழுதினால் பட்டியல் கொட்டும். கார்முகிலனின் லேப்டாப் ஷூ பெட்டிக்குள் நுழையாததால் தப்பித்திருந்தது. மடியில் வைத்து நாலு வரி தட்டினான்.

கொட்டியது. வாங்கியதெல்லாம் ஒரே முகவரி. விற்றதெல்லாம் இன்னொரு முகவரி. மணி அடிக்கையில் அது எவ்வளவு வாங்கியதோ, ராத்திரி இது அவ்வளவையும் விற்றிருந்தது. இரண்டுக்கும் முதல் போட்டது ஒரே கணக்கு. மூன்றாவது ஆளே கிடையாது.

எழுந்து சொன்னான். ஊருக்குப் புரிகிற மாதிரி சொன்னான். அதுதான் தப்பாகிவிட்டது.

"வாங்குற முகவரி இடது கால் ஷூ. விக்கறது வலது. ரெண்டும் ஒரே ஜோடி, ஒரே ஆளு மாட்டிக்கறது."

பேக்கிங் செக்‌ஷன் சங்கீதா எட்டிப் பார்த்தாள். "ஆமாம்பா! ஒரே லாட்டு!"

மண்டபம் யோசிக்கத் தொடங்கியது. சாமி உடனே கண்ணை மூடிக்கொண்டார்.

"வாங்குறது மகாலட்சுமி. விக்கறது நாராயணன்."

"ஜோடி! தெய்வ ஜோடி!" மண்டபம் அதிர்ந்தது. சங்கீதாதான் முதலில் கும்பிட்டாள். தனபாக்கியம் நகைப் பெட்டியைத் திறந்தாள். "நீங்களே நிரூபிச்சிட்டீங்க மாப்ளே!"

ஆதாரத்துக்கே தேங்காய் உடைக்கிற கூட்டத்திடம் வாதாட அவனுக்கு அலுப்பாக இருந்தது. நேராக மேடை ஏறி, திரைக்குப் பின்னால் தொங்கிய படுதாவை விலக்கினான். அங்கே நாற்காலியில் நவநீதன், சாமியின் மச்சான். கையில் போன். கட்டைவிரல் தயார்.

"எல்லார் போனும் பெட்டில. இவருது?"

"அவரு கைங்கரியத்துல இருக்காரு," என்றார் சாமி.

"சிக்னல் ஆகாதுன்னீங்களே?"

விதி என்றால் பக்தர்களுக்கு விதிதான். "அய்யய்யோ, இத்தினி நாளா தோஷம்!" என்று சங்கீதா மேடைக்கு ஓடி வந்து நவநீதன் போனைப் பிடுங்கிப் பெண்கள் செருப்புப் பெட்டி ஒன்றில் போட்டு மூடினாள். சாமியின் மடியிலிருந்த போனும் கூடவே போயிற்று.

"இப்ப அடிங்க சாமி," என்றான் கார்முகிலன். "லட்சுமி வாங்கட்டும்."

சாமி அடித்தார். கோடு படுத்தே கிடந்தது. வேகமாக அடித்தார். அது புரண்டுகூடப் படுக்கவில்லை. இரண்டு கையாலும் அடித்தார். மணியின் நாக்கு கழன்று வைஃபை பெட்டிமேல் விழுந்தது.

"லட்சுமி இன்னா, குளிக்கப் போய்ட்டாங்களா?" என்றது ஒரு குரல்.

நவநீதனுக்குத் தாங்கவில்லை. "மாமா, போனைக் குடுக்கச் சொல்லுங்க மாமா! ரெண்டே நிமிஷத்துல வாங்கிடறேன்!"

மைக் பக்கத்திலேயே இருந்தது.

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சாமி பின்வாசல் வழியாக ஓடினார், வெறுங்காலோடு. அன்றைய நகைத் தட்டு மட்டும் மிஞ்சியது. பழைய தட்டுகளுக்காக ஜனம் அடுத்த வரிசையைப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் போட்டது.

தனபாக்கியம் பெட்டியை மூடி நீட்டினாள். "நீங்களே வெச்சிக்கோங்க மாப்ளே. எங்கிட்ட இருந்தா நாளைக்கு வேற எவனாவது மணி அடிப்பான்."

கார்முகிலன் வாங்கிக்கொண்டான். திரும்பிப் பார்த்தால், ஒரு பெரியவர் அவன் லேப்டாப்புக்குக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார்.

"எம்பொண்ணுக்கு வரன் எப்ப அமையும்னு இதுல கேட்டுச் சொல்லுப்பா."

அவன் குங்குமத்தைச் சட்டையால் துடைத்தான். "கும்பிடாதீங்க பெரியவரே. நீங்களே கேக்கக் கத்துக்கோங்க. காசுகூடக் கிடையாது."

உண்மைதான். கேள்வி கேட்பது முழுக்க இலவசம். ஆம்பூரில் இலவசமாகக் கொடுத்தும் வரிசை சேராத ஒரே சரக்கு அதுதான்.