ஆதிமூலத்துக்கு வந்த மஞ்சள்

சோளக்காட்டு ஓரம் உட்கார்ந்து எழுந்த ஆதிமூலம் குனிந்து மண்ணைப் பார்த்தான். மூன்று நாளாகவே சிறுநீர் மஞ்சளாகத்தான் போகிறது. லேசான மஞ்சளும் இல்லை, திருவிழாவில் வாரி ஊற்றுகிற மஞ்சத்தண்ணி போல.

அந்தப் பக்கத்தில் இதற்கென்று எல்லோருக்கும் தெரிந்த சோதனை ஒன்று உண்டு. சிறுநீரில் ஒரு பிடி சோற்றைப் போட்டு வைக்க வேண்டும். சோறு மஞ்சளானால் காமாலை. பானையிலிருந்து ஒரு பிடி அள்ளித் துண்டில் முடியும்போது மனைவி தங்கமணி பார்த்துவிட்டாள். பசிக்கு என்று நினைத்தாளோ என்னவோ, மறுநாளிலிருந்து கூழ் ஒரு செம்பு கூடுதலாக வந்தது.

மோட்டார் கொட்டகைக்குப் பின்னால், கொட்டாங்கச்சியில் இருந்த சோறு பளிச்சென்று மஞ்சளாகியிருந்தது.

அவனுடைய அண்ணன் காமாலையில்தான் போனான். ஆதிமூலம் சாவுக்கு அவ்வளவாகப் பயப்படவில்லை. பிள்ளையில்லாத வீட்டில் தங்கமணி தனியாக இருப்பாளே, அதற்குத்தான் பயந்தான். அவளிடம் மூச்சு விடக் கூடாது என்று முடிவு செய்தான்.

கள்ளக்குறிச்சி போய் வெள்ளிமலை பஸ் ஏறி, மலையில் பச்சமுத்து வைத்தியரிடம் கீழாநெல்லி வாங்கி வந்தான். உப்பு, எண்ணெய் தொடக் கூடாது என்று அவர் சொல்லியிருந்தார். வீட்டில் சனிக்கிழமை விரதம் என்று சொல்லி வைத்தான். செவ்வாய்க்கிழமையும் உப்பை ஒதுக்கியதும் தங்கமணி கரண்டியோடு நின்றாள்.

"இது இன்னாங்க சனிக்கிழமை, வாரம் பூரா வந்துக்கினே கீது?"

பத்தியத்தில் பத்தே நாளில் சட்டை தொளதொளத்தது. மஞ்சள் மட்டும் குறையவில்லை. கூழில்கூட ஏதோ மருந்துக் கசப்பு தட்டியது. நோய் நாக்கு வரைக்கும் ஏறிவிட்டது என்று அவனே தீர்ப்பு எழுதிக்கொண்டான்.

இனி தாமதிக்கக் கூடாது என்று தங்கமணியைக் காட்டுக்குக் கூட்டிப்போய் மோட்டார் போடச் சொல்லிக் கொடுத்தான்.

"பச்சைய அமுக்குனா ஓடும், செவப்ப அமுக்குனா நிக்கும்."

"நீங்க எங்க போறீங்க?"

"எங்கயும் போவல. தெரிஞ்சிக்கினு இரு."

அவனுடைய மெலிந்த கையையே பார்த்துக்கொண்டு நின்றவளின் கண் கலங்கியது. மறுநாள் கூழ் இன்னும் கசந்தது. மஞ்சளும் ஒரு படி ஏறியது.

கடைசியில் உரக்கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். ரத்தம் எடுத்தார்கள். சாயந்தரம் நர்ஸ் ரங்கம்மாள் சீட்டோடு வந்தபோது, அவன் சாமியையெல்லாம் வரிசையாகக் கூப்பிட்டு முடித்திருந்தான்.

காமாலை இல்லவே இல்லை என்றாள் நர்ஸ். உப்பை விட்டதற்கு ஒரு பாட்டம் திட்டினாள். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டால் இப்படித்தான் மஞ்சளாகப் போகும், பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் தெம்பு வரட்டும் என்று ஒன்றுக்கு ரெண்டாகப் போடக் கூடாது, ஒருத்தருக்குக் கொடுத்ததை இன்னொருத்தர் தொடவும் கூடாது என்று விளக்கினாள்.

"நான் மாத்திரையே போட்டதில்லீங்க, நர்ஸம்மா. கூழு ஒண்ணுதான், அதுவும் மருந்தாட்டம் கசக்குது," என்றான் ஆதிமூலம்.

ரங்கம்மாள் சீட்டிலிருந்த பேரையும் ஊரையும் மறுபடி படித்தாள். அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தங்கமணி வூட்டுக்காரருதான நீங்க? ரெண்டு கையும் மரத்துப்போவுதுன்னு இருவது நாளா எங்கிட்ட அந்த மாத்திரைய வாங்கிக்கினு போறாங்களே, அத்தினியும் உங்க தெம்புக்குன்னு கூழுலதான் கரைச்சிருக்காங்க."