மாப்பிள்ளை கட்டிய ஒன்பதாவது டிரெய்லர்

ராமநாதபுரம்,
கோயம்புத்தூர்.
30-10-1995

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய மாப்பிள்ளை ஜெப்ரி அவர்களுக்கு, மாமனார் பாக்கியராஜ் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் உங்கள் அத்தையும், என் வலது கைக் கட்டைவிரல் நீங்கலாக, பரிபூரண சுகம். நீங்களும் மகள் கிளாடிஸும் பட்டறையும் அவ்வாறே சுகமாயிருக்க அனுதினமும் ஜெபிக்கிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்களை மாப்பிள்ளையாக அடைந்ததில் எனக்கு உள்ள பெருமை கொஞ்சநஞ்சமல்ல. இரண்டு படுக்கை, கேஸ் அடுப்பு, கை கழுவும் தொட்டி சகிதம் ஒரு முழு வீட்டையே ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும்படி கட்டி, பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு தகரக் கொட்டகையிலிருந்து ஊரெல்லாம் அனுப்புகிறவர் என் மாப்பிள்ளை என்று நான் சபையில் சொல்லாத ஞாயிறு கிடையாது. போன வாரம் போதகரிடம் நான் வாயைத் திறப்பதற்குள், "தெரியுமுங்க, டிரெய்லர்தானுங்களே" என்று அவரே முந்திக்கொண்டார்.

அதனால்தான் கோத்தகிரி எஸ்டேட் மேனேஜர் பாலகோபால், விருந்தாளிகளைத் தங்கவைக்க உங்களிடம் ஆறு டிரெய்லர் வாங்கும் யோசனையோடு என்னைத் தேடி வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. "முப்பத்தொரு வருசம் பம்பு கம்பெனியில இன்ஸ்பெக்டரா இருந்தவருங்க நீங்க. புதுசா ஒண்ணுல எங்க எஸ்டேட் வரைக்கும் ஒருதடவை வந்துபோட்டு, நல்லா இருக்குதுன்னு நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க. எனக்கு அது போதுமுங்க" என்றார். என் கையெழுத்து விழாமல் ஒரு பம்புகூட அந்தக் கம்பெனி கேட்டைத் தாண்டியதில்லை என்பது அவருக்கும் தெரிந்திருக்கிறது. நீங்களும் மறுநாளே உங்கள் ஒன்பதாவது டிரெய்லரை, பெயின்ட் வாசம்கூடப் போகாமல், அனுப்பிவைத்தீர்கள்.

சனிக்கிழமை காலையில் வாடகைக்கு ஓட்டும் ராமுலுவின் ஜீப்பில் மாட்டிக்கொண்டு கிளம்பினோம். ஓடும்போது யாரும் உள்ளே இருக்கக் கூடாது என்று நீங்கள் படித்துப் படித்துச் சொல்லியும், மாப்பிள்ளை கட்டிய வீட்டில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டுதான் வருவேன் என்று உங்கள் அத்தை ஒரே அடம். துடியலூர் தாண்டும்போது அலமாரி ஒன்று கீழே இறங்கி அவளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது. எட்டி எடுக்கும் சிரமம் இல்லை, சாமான்களெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிட்டன என்று அவளுக்கு மெத்த சந்தோஷம். அடுத்து, பெரியநாயக்கன்பாளையத்தில், சரியாக உங்கள் பட்டறை வாசலுக்கு எதிரில், கதவு கழன்று சாலையோரமாகப் படுத்துக்கொண்டது. உள்ளே வெல்டிங் வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தது. ராமுலு வண்டியை நிறுத்தி, "ஏனுங்க, மாப்பிள்ளை பட்டறை இதானுங்களே? கூப்பிட்டா அஞ்சு நிமிசத்துல மாட்டிக் குடுத்துருவாருங்க" என்றான். அதற்குள் உங்கள் அத்தை கதவில்லாத வாசலில் நின்று, "மாப்பிள்ளை எடத்துக்கு வெறுங்கையை வீசிக்கிட்டா போவாங்க? ஒரு சீப்புப் பழம்கூட வாங்கலீங்களே!" என்று பதறினாள். அவள் சொன்னதும் நியாயம்தான். சுற்றுமுற்றும் பார்த்தோம். நட்டுக் கடை, போல்ட்டுக் கடை, கீல் கடை எல்லாம் திறந்திருந்தன. பழக்கடை ஒன்றுகூட இல்லை. நீங்கள் எங்களைப் பார்த்துவிடப் போகிறீர்களே என்று கதவைத் தூக்கிப் படுக்கையில் போட்டுக்கொண்டு அவசரமாகக் கிளம்பிவிட்டோம். காரமடையில் பழம் கிடைத்தது. இரண்டு டஜன் ஆரஞ்சு வாங்கி முடித்த பிறகுதான், பட்டறை வெகுதூரம் பின்னால் போய்விட்டது எங்கள் மூன்று பேருக்கும் உறைத்தது. கதவுதான் இல்லையே, காற்று ஜிலுஜிலுவென்று வந்தது, ஆரஞ்சை நாங்களே சாப்பிட்டோம்.

மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் மழை பிடித்துக்கொண்டது. தொட்டிக் குழாயில் காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லையே என்று இருந்தோம். கூரை இணைப்பில் தாராளமாக வந்தது. ஒரு வளைவில் வண்டியை ஓரங்கட்டி எட்டிப் பார்த்தால், அத்தை உள்ளே குடை பிடித்து உட்கார்ந்திருக்கிறாள். "ஏனுங்க, இங்க மழை கொஞ்சம் கூடுதலா இருக்குதுங்க. வெளிய எப்படிங்க?" என்று என்னை விசாரித்தாள். "சித்த நேரம் வெளிய வந்து நிக்கிறியா அம்மணி?" என்றேன். "மாப்பிள்ளை மனசு சங்கடப்படுமுங்க" என்று மறுத்துவிட்டாள். அதற்கு மேல் இரண்டு வளைவு ஏறியதும் மடக்குப் படுக்கை மடங்கிக்கொண்டது. மடங்கும் என்று நீங்கள் முன்பே சொல்லியிருந்தீர்கள். ஆள் உட்கார்ந்திருக்கும்போதும் மடங்கும் என்பதை அடக்கத்தினால் சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள் போலிருக்கிறது. அவளை வெளியே இழுக்கும்போது நசுங்கியதுதான் என் கட்டைவிரல்.

எஸ்டேட்டில் பாலகோபால் குடையோடு காத்திருந்தார். வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். "கதவைத் தனியாக் கழட்டியும் வெச்சுக்கலாமுங்களா?" என்றார். "காத்தோட்டத்துக்குங்க" என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீங்க சொன்னாச் சரிதானுங்க. எழுத்துல குடுத்துருங்க" என்றார். ஆகவே நேற்று ஆராதனை முடிந்து வந்ததும் முதல் வேலையாகச் சான்றிதழை எழுதி இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். உங்கள் கையாலேயே அவரிடம் கொடுங்கள்.

உங்கள் தொழில் மென்மேலும் பெருகவும், நீங்களும் கிளாடிஸும் நோய்நொடியின்றி நீண்ட ஆயுளோடு இருக்கவும் ஆசீர்வதிக்கும்,
அன்புள்ள மாமனார்,
சா. பாக்கியராஜ்

பி.கு.: மேலே எழுதியது மாமனார். உங்கள் அத்தை கிருபாவதி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "மாப்பிள்ளைகிட்ட நொட்டை சொல்லிப்போடாதீங்க" என்று வரிக்கு வரி காவல் காத்தாள். இப்போது காய் வாங்கப் போயிருக்கிறாள். இனி எழுதுவது இன்ஸ்பெக்டர்.

உறைக்குள் சான்றிதழைத் தேட வேண்டாம், வைக்கவில்லை. எழுதினேன், கையெழுத்துப் போடும் இடத்தில் கை நின்றுவிட்டது. டிரெய்லர் ரிஜெக்ட். ரிவெட்டுக்கு ரிவெட் ஒரு சாண் இடைவெளி, பிளைவுட் ஓரத்தில் பெயின்ட் இல்லை, கூரை இணைப்பில் அடைப்புப் பசை இல்லை, கீலுக்கு நான்கு திருகு போட வேண்டிய இடத்தில் இரண்டு. ஆர்டர் கூடக்கூட வேலையின் தரம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது, இது உங்களுக்கே தெரியும். நான் பாலகோபாலிடம் சொன்னது பொய். அந்த வெட்கம் தாங்காமல் இன்று காலை அவருக்குப் போன் செய்து, கதவு கழன்றுதான் விழுந்தது என்று சொல்லிவிட்டேன். ஒரு மாதம் பொறுத்திருக்கிறேன், சரியாகக் கட்டித் தரச் சொல்லுங்கள் என்றார்.

உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும். ஆனால் ஒரு விஷயம் உங்களுக்கும் தெரியாது, அத்தைக்கும் தெரியாது. நீங்கள் பெண் கேட்டு வந்த அன்று உங்கள் முதல் டிரெய்லரை எங்கள் தெருவில் நிறுத்திவிட்டு உள்ளே வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தீர்கள். சர்க்கரை வாங்கி வருகிறேன் என்று வெளியே போன நான், டார்ச்சோடு அதன் அடியில் படுத்து ஒவ்வொரு போல்ட்டாக, ஒவ்வொரு ரிவெட்டாகப் பார்த்தேன். ஒரு குறை கிடைக்கவில்லை. அப்புறம்தான் உள்ளே வந்து சம்மதம் என்றேன். இன்றுவரை சபையில் நான் பீற்றிக்கொள்வதெல்லாம் அந்த வண்டியை நினைத்துத்தான். அன்று நீங்கள் ஓட்டி வந்தது இந்த ஒன்பதாவதாக இருந்திருந்தால், மாப்பிள்ளை, கிளாடிஸ் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருந்திருப்பாள்.