மஞ்சள் தொட்டியில் பினாமி

"இன்னையிலேர்ந்து இந்த வீட்டுக் குப்பைக்கு நான்தான் பொறுப்பு" என்று அறிவித்தேன்.

இடம், ஜெர்மனியில் என் மகள் விண்ணரசி வீட்டுச் சமையலறை. அவளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போயிருந்தார்கள். என் மனைவி சவரியம்மாள் தோசைக்கல்லிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீங்களா? காப்பி குடிச்ச டம்ளரக்கூட எடுத்து வைக்க மாட்டீங்களே."

"டம்ளர் வேற, குப்பை வேற. இது நிர்வாகம்."

"சரிங்க, உங்க இஷ்டம்."

அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். சவரி மறுபேச்சில்லாமல் சம்மதித்தது அதற்கு முன்பு ஒரே ஒரு முறைதான், எங்கள் கல்யாணத்துக்கு. அதன் பலனை இன்னும் அனுபவித்துக்கொண்டிருக்கிறேன்.

உண்மைக் காரணத்தை உங்களிடம் சொல்வதற்கென்ன. எனக்குச் சர்க்கரை உண்டு. உடம்பில் உண்டு, காப்பியில் கிடையாது. இந்த ஊர்க் கடைகளிலோ சாக்லேட்டைச் செங்கல் மாதிரி அடுக்கி வைத்திருக்கிறார்கள். மாலை நடை போகும்போது ஒன்று வாங்கி வந்தேன். தின்றேன். ஜிகினாத்தாளை வாசலில் இருந்த மஞ்சள் குப்பைத் தொட்டியில் போட்டேன். சவரி எடுத்துவிட்டாள்.

"இன்னொரு தடவ இந்தத் தாளப் பாத்தேன், அப்பறம் சாயங்காலம் வாக்கிங் கெடையாது. வீட்டுக்குள்ளேயே நடங்க."

வெளிநாட்டில் மாமனார் வாழ்க்கை வாழ்ந்தவர்களுக்குத்தான் தெரியும். அந்த ஒரு மணி நேரம்தான் நான் எனக்குச் சொந்தம். அதை இழந்துவிட்டு ஊருக்கு விமானம் ஏறும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. சாக்லேட்டை விடவும் முடியாது. ஆகவே தொட்டிகளே என் கைக்கு வந்துவிட்டால்?

எங்கள் திருத்துறைப்பூண்டியில் குப்பை என்று தனியாக ஒன்று கிடையாது. அரிசி கழுவிய தண்ணீர் மாட்டுக்கு. சாம்பல் பாத்திரம் தேய்க்க. பழைய பேப்பர் கடைக்கு. மிச்சம் எதிர்வீட்டு வாசலுக்கு. இங்கே வீட்டுக்கு நாலு தொட்டி. அழுகுவது பழுப்பு, காகிதம் நீலம், பிளாஸ்டிக்கும் ஜிகினாவும் மஞ்சள், எதிலும் சேராதது கறுப்பு.

நான் மலைக்கவில்லை. ரெவின்யூ இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன். நிலம் பிரித்த கைக்கு இது எம்மாத்திரம்? பழுப்பு நஞ்சை, நீலம் புஞ்சை, மஞ்சள் நத்தம், கறுப்பு புறம்போக்கு. ஒரே நாளில் மனப்பாடம்.

தேயிலைப் பைதான் கொஞ்சம் படுத்தியது. தூள் நஞ்சை. நூலில் தொங்கும் சீட்டு புஞ்சை. நடுவில் ஒரு பின். அந்தக் காலத்தில் அண்ணன் தம்பி ஆறு பேருக்குப் பாகப்பிரிவினை அளந்தபோதுகூட நான் இப்படி வேர்த்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருமுனைக் கண்ணாடிப் பெட்டியில் பாட்டிலைப் போட்டேன். பக்கத்து வீட்டு ஹெல்கா அம்மாள் ஜன்னலிலிருந்து விரலை ஆட்டினார். ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடக் கூடாதாம். அந்த அம்மாளுக்கு வயது எழுபது. ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஊரைக் காப்பதுதான் அவருக்கு உத்தியோகம்.

இனி என் திட்டம். நடை முடிந்து திரும்பும்போது சாக்லேட்டைக் கறுப்புத் தொட்டிக்குப் பின்னால் வைத்துவிடுவேன். காலையில் "தொட்டியப் பாத்துட்டு வரேன்" என்று போய், நின்றபடியே பாதியைத் தின்பேன். சரி, தாள்? எங்கள் மஞ்சள் தொட்டியை நம்ப முடியாது. வேலிக்கு அந்தப்பக்கம், கைக்கெட்டும் தூரத்தில் ஹெல்காவின் மஞ்சள் தொட்டி இருந்தது.

சட்டென்று எனக்கு நில உச்சவரம்புக் காலம் ஞாபகம் வந்தது. அப்போது நான் சின்னப் பையன், வேலைக்குப் புதுசு. மிராசுதார்கள் உபரி நிலத்தைச் சமையல்காரர் பெயரிலும் வண்டிக்காரர் பெயரிலும் எழுதி ஒளித்தார்கள். கட்சிக்காரர்கள் கொடியோடு வந்து வரப்பில் நிற்பார்கள். நான் சங்கிலி பிடித்து அளந்து, ஒவ்வொரு பினாமியாகத் தோண்டி எடுத்தேன். அன்றைக்குப் பினாமி பிடித்தவன் இன்றைக்குப் பினாமி வைக்கிறேன். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. சாக்லேட் நன்றாக இருந்தது.

வீட்டில் நல்ல பெயர் வேறு. தொட்டிகளைக் கழுவினேன். அட்டைப் பெட்டிகளை மடித்துக் கட்டினேன். "அப்பா எவ்ளோ மாறிட்டாங்க பாரும்மா" என்று விண்ணரசி நெகிழ்ந்தாள். சவரி தலையாட்டினாள்.

ஒரு காலை வாசல் மணி அடித்தது. ஹெல்கா. கையில் என் சாக்லேட் உறை. மேல்தாளையும் ஜிகினாவையும் பிரிக்காமல், அவசரத்தில் ஒன்றாகக் கசக்கி நான் போட்டது. அவர் படபடவென்று பேசினார். எனக்குப் புரிந்தது 'பாப்பியர்' என்ற ஒரு சொல்தான். காகிதம். மஞ்சள் தொட்டியில் காகிதமா என்று அவருக்கு ரத்தம் கொதித்திருக்கிறது.

சவரி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "என்னவாம்?"

விண்ணரசி இல்லாத நேரத்தில், வீட்டில் ஒரு சொல்லாவது ஜெர்மன் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்ற தைரியத்தில் மொழிபெயர்த்தேன். "அவங்க பேரன் சாக்லேட்டா திங்கறானாம். வருத்தப்படறாங்க."

"பாவம். அவனுக்கும் சர்க்கரையா?"

"சின்னப் பையனுக்கு எப்படி இருக்கும்?"

"சும்மா கேட்டேன்."

பிறகு சவரி ஹெல்காவைப் பார்த்துப் பேசினாள். ஜெர்மனில். தங்குதடையில்லாமல். ஹெல்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

"அவங்களுக்குப் பேரனே கெடையாதுங்க" என்றாள் சவரி.

"நீ எப்ப இதெல்லாம்..."

"நீங்க வாக்கிங் போற நேரத்துல இவங்க இங்கதான் இருப்பாங்க. நான் முறுக்கு சுத்தக் கத்துக் குடுக்கறேன். அவங்க பேச்சு கத்துக் குடுக்கறாங்க."

"அப்ப தாளப் பத்தி?"

"மொத நாளே வந்து சொல்லிட்டாங்க. இன்னிக்குப் பிரிக்காம போட்டதுலதான் பொறுமை போயிடுச்சு. நீங்க குப்பையப் பாத்துக்கறேன்னு சொன்னப்பவே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தே?"

"நாலு தொட்டியும் நாத்தம் புடிச்சுக் கெடந்துச்சு. கழுவி முடிக்கட்டுமேன்னுதான்."

சொல்லிக்கொண்டே போய், கறுப்புத் தொட்டிக்குப் பின்னால் பார்க்காமலே கையை விட்டு, மிச்சமிருந்த பாதிச் சாக்லேட்டை எடுத்து வந்தாள். என் நடை முடிந்தது என்று நினைத்தேன்.

"ஏங்க, உச்சவரம்புக் காலத்துல பினாமி நிலம் அகப்பட்டா என்ன செய்வீங்க?"

"அரசாங்கம் எடுத்துக்கும்."

"எடுத்து?"

என் குரல் இறங்கிவிட்டது. "நிலமில்லாதவங்களுக்குப் பிரிச்சுக் குடுக்கும்."

சவரி சாக்லேட்டை இரண்டாக உடைத்தாள். ஒரு துண்டை ஹெல்காவிடம் கொடுத்தாள். மற்றதைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

"சவரி, வாக்கிங்?"

"தாராளமா போங்க. தெனம் ஒண்ணு வாங்கியாந்து அதே எடத்துல வச்சிருங்க. நாங்க எடுத்துக்கறோம்."

இரண்டு பேரும் மென்றுகொண்டே உள்ளே போனார்கள். உறை என் கையில் இருந்தது. ஜிகினாவை மஞ்சளிலும் தாளை நீலத்திலும், இந்த முறை பிரித்தே போட்டேன்.