ஏலகிரிக்கு மூப்பு வரிசையில்

காலை ஆறு மணி ஐம்பத்தொரு நிமிடம். பெருங்குடி.

ஃப்ளோரன்ஸ் மூன்றாவது மாடிக்கு இரண்டிரண்டு படியாகத் தாவி ஓடிக்கொண்டிருந்தாள். லிஃப்ட் வருவதற்குள் மலை கைவிட்டுப் போய்விடும்.

கதவு திறந்தே கிடந்தது. ஷகீலா சமையலறை வாசலில் முக்காலி போட்டுக் காவல் உட்கார்ந்திருந்தாள்.

"ஷகீலா, கிளம்பு! கீழே வண்டி நிக்குது."

"இருபத்தஞ்சு நிமிஷம் ஃப்ளோரன்ஸ்க்கா. தம்ல இருக்கு."

"பிரியாணியா? ஏலகிரி போற வழியில சாட்சாத் ஆம்பூரே வருதேடி!"

"ஆம்பூரை நம்பி எங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டுப் போக முடியுமாக்கா?"

மலைகளை வென்றவர்கள் உலகில் பலர் உண்டு. ஆனால் ஒரு மலையைக்கூடக் கண்ணால் பார்க்காமல், ஒன்பது ஆண்டுகளாக மலைச் சுற்றுலாவைத் தொய்வின்றி நடத்திவரும் பெருமை ஒரே ஓர் அமைப்புக்குத்தான் உண்டு. அதுதான் லஸ் விடியல் நடையாளர் மன்றம். ஐந்தாம் ஆண்டில் பூந்தமல்லிவரை முன்னேறியதுதான் மன்றத்தின் இதுவரையிலான சாதனை. அதை முறியடிக்கவே இந்தச் சனிக்கிழமை விடிந்திருந்தது.

மன்றத்தின் செயலாளர் ஆம்ப்ரோஸ். ஃப்ளோரன்ஸின் கணவர். ஒன்பது ஆண்டுகளாகப் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்படுபவர். பூங்காவை ஒரு சுற்று நடந்தால் இரண்டு தீர்மானம் நிறைவேற்றிவிடுவார். நண்பர்களுக்குள் முன்பணம் கேட்பது நாகரிகமல்ல, அறை வாடகையை மலைக்குப் போய்க் கட்டிக்கொள்ளலாம் என்ற உயரிய கொள்கையும் அவருடையதே.

ஃப்ளோரன்ஸ் பூகோள டீச்சர். இருபத்தாறு வருடங்களாகக் கிழக்குத் தொடர்ச்சி மலையைக் கரும்பலகையில் வரைந்து, ஈரத்துணியால் துடைத்து வருகிறாள். நேரில் பார்த்த ஒரே உயரம், பறங்கிமலைக் கோயில் படிக்கட்டு. நேற்று ஏழாம் வகுப்பில் ஒரு பெண் எழுந்து, "மிஸ், மேகம் மூஞ்சில பட்டா எப்படி இருக்கும்?" என்று கேட்டுவிட்டாள். "திங்கட்கிழமை சொல்றேன்" என்று ஃப்ளோரன்ஸ் வாக்குக் கொடுத்துவிட்டாள். வரும் மே மாதம் ஓய்வு; அடுத்த சுற்றுலா அதற்கப்புறம்தான். இந்தத் திங்களை விட்டால் சொல்வதற்கு வேறு திங்கள் கிடையாது.

ஏழு மணி இருபது. தம் பிரிக்கப்படாத அண்டா டெம்போ டிராவலரில் ஏறியது. பின்னால் ஷகீலா. அவளுக்கும் பின்னால் அவள் கணவர் ஷாஹுல் ஹமீது.

"அடுத்தது கோபாலபுரம்!" என்று ஆம்ப்ரோஸ் முழங்கினார்.

டிரைவர் யாசிர் திரும்பிப் பார்த்தான். "இன்னா சார் இது? மைலாப்பூர்ல எடுத்து, அடையாறு தாண்டி இங்க வந்தோம். மறுக்கா அடையாறு தாண்டி கோபாலபுரம் போயி, அப்பால அடையாறு வர்ணுமா?"

"மூப்பு வரிசை, தம்பி. விதி பதினொன்று. தலைவர் சுந்தரராமன் உறுப்பினர் எண் ஒன்று, மைலாப்பூர். ஷாஹுல் ஹமீது இரண்டு, பெருங்குடி. அப்துல் கய்யூம் மூன்று, கோபாலபுரம். ரூபீனா மேடம் நான்கு, அடையாறு. ரோடு எப்படிப் போகுதுங்கறதுக்காக சீனியாரிட்டியை மாத்த முடியுமா?"

"அந்த மேடம் வர்ற வழியிலயே பொட்டியோட கேட்டாண்ட நின்னுக்கினு இருந்தாங்களே சார். கை கூட காமிச்சாங்க."

"நானும் பதிலுக்கு வணக்கம் வெச்சேனே!"

இவர்கள் தினமும் காலையில் ஆறு கிலோமீட்டர் நடப்பவர்கள். அதனால்தான் தெருமுனைவரை நடந்து வரச் சொல்வது அவமதிப்பு என்று பொதுக்குழு ஏகமனதாக முடிவு செய்திருந்தது. வாசலில் வண்டி நிற்க வேண்டும். செருப்பு தேயக்கூடாது.

ஏழு ஐம்பது. அடையாறு. ரூபீனா கேட்டருகே நின்றிருந்தார். வண்டி கடந்தது. ஆம்ப்ரோஸ் மறுபடியும் வணக்கம் வைத்தார். இந்த முறை ரூபீனா திருப்பி வைக்கவில்லை.

"ஏங்க, ஏத்திக்கிட்டா என்ன குடி முழுகிப் போகுது?" என்று ஃப்ளோரன்ஸ் பல்லைக் கடித்தாள்.

"கய்யூம் பாய் மனசு புண்படும், ஃப்ளோ."

கோபாலபுரத்தில் கய்யூம் பாயின் மனசு புண்படவில்லை. அவர் குளித்துக்கொண்டிருந்தார். "ஆறரைன்னு சொன்னீங்க. எப்படியும் எட்டரை ஆகும்னுதான் எட்டே காலுக்கு அலாரம் வெச்சேன்" என்று ஈரத்தலையோடு வந்து ஏறினார். அவருடைய தொலைநோக்கை ஆம்ப்ரோஸ் கைகுலுக்கிப் பாராட்டினார்.

ஒன்பது இருபதுக்கு ரூபீனா மீட்கப்பட்டார். பெட்டியை ஆம்ப்ரோஸின் காலில் இறக்கினார்.

"வணக்கம் வேற!"

ஃப்ளோரன்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். வெண்மேகம் ரிசார்ட்டுக்கு இரண்டு மணிக்குள் போய்ச் சேராவிட்டால், அறை வேறு யாருக்காவது போய்விடும். ஆம்ப்ரோஸே அப்படித்தான் சொல்லியிருந்தார். நான்கு மணி நேரப் பயணம். இன்னும் உயிர் இருக்கிறது. "யாசிர், மிதிப்பா!" என்றாள்.

யாசிர் மிதித்தான். சைதாப்பேட்டைப் பாலத்தின் நட்டநடுவில், தலைவர் சுந்தரராமன் ஈட்டி பாய்ந்தவர்போல எழுந்து நின்றார்.

"ஆம்ப்ரோஸ்! ஆத்துல கீசர்!"

"கீசருக்கு என்ன சார்?"

"ஆஃப் பண்ணினேனா? ஸ்விட்சைப் பார்த்துண்டே நின்னேன். அது ஞாபகம் இருக்கு. பார்த்துட்டு என்ன பண்ணினேன்னு ஞாபகம் இல்லை."

"பக்கத்து வீட்டுல சொல்லுங்க சார்!" என்று ஃப்ளோரன்ஸ் அலறினாள்.

"அவாளோட பேச்சுவார்த்தை இல்லையேம்மா. தண்ணி மோட்டார் தகராறு."

ஓடும் வண்டியில் அவசரச் செயற்குழு கூடியது. தலைவரின் வீடு வெடித்தால் மன்றத்துக்குத் தலைமை இருக்காது என்று ஆம்ப்ரோஸ் சுட்டிக்காட்டினார். ஃப்ளோரன்ஸ் எதிர்த்து வாக்களித்தாள். அவள் உறுப்பினர் அல்ல, உறுப்பினரின் மனைவி மட்டுமே என்று கருணையோடு விளக்கப்பட்டது. வண்டி திரும்பியது.

பத்து மணி ஐம்பது. மைலாப்பூர். கீசர் ஆஃபில் இருந்தது. ப்ளக்கே பிடுங்கி வைக்கப்பட்டிருந்தது. சுந்தரராமன் வந்த களைப்பில் ஒரு காபியும் போட்டுக் குடித்துவிட்டுத்தான் இறங்கி வந்தார்.

ஆம்ப்ரோஸ் வண்டிப் படியில் நின்று தொண்டையைச் செருமினார். அவர் குரலில் துக்கம் இருந்தது. முகத்தில் அது வந்து சேரவில்லை.

"நண்பர்களே, இனிமே கிளம்பினா மூணு மணி ஆயிடும். அறை ரத்தாயிருக்கும். கனத்த இதயத்தோட பத்தாவது சுற்றுலாவை 'ஒத்திவைக்கிறோம்'. குறைபாடுகளை ஆராய ஒரு துணைக்குழு..."

"நான் துணைக்குழுவுல இருக்கேன்" என்றார் கய்யூம் பாய்.

"பிரியாணி சூடா இருக்கு" என்றாள் ஷகீலா.

கைதட்டல் எழுந்தது. ஷாஹுல் ஹமீது தட்டுகளை எடுத்தார். யாருக்கும் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆம்பூருக்குப் போகாமலேயே பிரியாணி வந்துவிட்டது. கொண்டை ஊசி வளைவில் வாந்தியும் கிடையாது. இப்படிப்பட்ட செயலாளர் எந்த மன்றத்துக்குக் கிடைப்பார்?

ஃப்ளோரன்ஸ் மட்டும் தட்டு வாங்கவில்லை. மே மாதமே கண்ணெதிரே வந்து நின்றதுபோல இருந்தது. கைப்பையைத் திறந்து செல்போனை எடுத்தாள்.

"யாருக்கு, ஃப்ளோ?"

"ரிசார்ட்டுக்கு. ரெண்டு மணி நேரம் அறையைப் பிடிச்சு வைங்கன்னு கால்ல விழறேன்."

ஆம்ப்ரோஸின் கையிலிருந்த முட்டை தட்டில் விழுந்தது. "அதெல்லாம் கூடாது! வெளி அமைப்புகளோட செயலாளர்தான் பேசணும். விதி பதினேழு!"

"நான்தான் உறுப்பினரே இல்லையே. விதி எனக்கு எதுக்கு?"

"நம்பர் உனக்குத் தெரியாதே!"

"கூகுளுக்குத் தெரியுது."

"ஸ்பீக்கர்ல போடுங்கோ, நானும் சொல்றேன். தப்பு என் பேர்லதானே" என்றார் சுந்தரராமன்.

மணி அடித்தது. ஆம்ப்ரோஸ் ஜன்னல் வழியாகத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெண்மேகம் ரிசார்ட், வணக்கம்" என்றது ஒரு பெண்குரல்.

"அம்மா, சென்னையிலிருந்து பேசறேன். ஆம்ப்ரோஸ்ங்கற பேர்ல இன்னைக்கு மூணு ரூம். நாலு மணிவரைக்கும் யாருக்கும் குடுத்துடாதீங்கம்மா, புண்ணியமா போகும்."

"ஒரு நிமிஷம் மேடம்... அந்தப் பேர்ல புக்கிங் எதுவும் இல்லையே."

"நல்லா பாரும்மா. மைலாப்பூர் ஆம்ப்ரோஸ்."

"ஓ, மைலாப்பூர் ஆம்ப்ரோஸ் சாரா!" குரல் மலர்ந்தது. "நல்லா தெரியுமே மேடம். நான் வேலைக்குச் சேர்ந்த வருஷத்துலேர்ந்து வருஷா வருஷம் போன் பண்றாரு. பனி எப்படி இருக்கு, குளிர் எத்தனை டிகிரி, எல்லாம் எழுதிக்குவாரு. ரூம் போடட்டுமா சார்னு நானும் ஒவ்வொரு தடவையும் கேட்பேன். 'வேண்டாம்மா, எங்க சுற்றுலா நோட்டீஸ்ல போடத்தான்'னு சொல்லி வெச்சிடுவாரு."