கைதட்டினால் ஜோடி மாறும்

கைதட்டல் விழுந்தது. பல் டாக்டரின் கையில் இருந்த மனைவியின் கை கழன்றுபோய், அந்த இடத்துக்கு பாங்க் மேனேஜரம்மாவின் கை வந்து சேர்ந்தது.

"நீங்க எப்படி இங்க வந்தீங்க?" என்றார் டாக்டர்.

"நான் நின்ன இடத்துலயேதான் நிக்கறேன். நீங்கதான் வந்திருக்கீங்க" என்றார் மேனேஜரம்மா.

"என் வொய்ஃப்?"

"அதோ."

ஒரு கை தூரத்தில் மனைவி, மெடிக்கல் ஷாப்காரரோடு ஆடிக்கொண்டிருந்தார். நன்றாகவே ஆடிக்கொண்டிருந்தார். அதுதான் டாக்டருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

டூர் வழிகாட்டியைக் கையசைத்துக் கூப்பிட்டார். ஊரிலிருந்து ஒரு பஸ் கொள்கிற ஜனத்தை விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்து, காலையில் எழுப்பி, பகலெல்லாம் மேய்த்து, ராத்திரி தலையை எண்ணி ரூமில் அடைக்கிற பொறுப்பு அந்த மனிதருக்கு. உள்ளூர் டான்ஸ் மாஸ்டர் பேசுவதைத் தமிழில் சொல்வதும் அவர்தான்.

"என்னய்யா இது? புருஷன் பொண்டாட்டியைப் பிரிச்சு விடறாரு உங்க மாஸ்டர்?"

"சால்சா கிளாஸ்ல அதுதான் முறை டாக்டர் சார். மாஸ்டர் கை தட்டினா ஆம்பளைங்க எல்லாரும் வலது பக்கம் ஒரு ஆள் தள்ளிப் போகணும். எல்லாரோடயும் ஆடிப் பார்த்தாத்தான் ஆட்டம் வருமாம்."

"எனக்கு எல்லாரோடயும் வர வேண்டாம். ஒருத்தியோட வந்தா போதும்."

"ஒரு சுத்து சுத்தினா அவங்ககிட்டயே வந்துடுவீங்க சார்" என்று சொல்லிவிட்டு வழிகாட்டி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

டாக்டர் அவசரப்பட்டதற்குக் காரணம் இருந்தது. இந்தப் பயணத்தில் எல்லாரும் படகில் போனபோது அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மலைக்கு ரோப் காரில் ஏறுகிற நேரத்தில் யாரோ ஒரு நோயாளி போன் செய்ய, கீழேயே நின்று பேசிக்கொண்டிருந்தார். மியூசியத்தில் பெஞ்சில் தூங்கினார். இன்றைக்கு பஸ்ஸில், வழிகாட்டி மைக்கைப் பிடித்து சால்சா கிளாஸைப் பற்றி விளக்கு விளக்கென்று விளக்கியபோதும் தூங்கிக்கொண்டுதான் வந்தார்.

காலையில் ஓட்டலில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே மனைவி சொல்லியிருந்தார்:

"சாயந்திரம் கிளாஸ் முடிஞ்சதும் பக்கத்து ஹால்ல பேண்டு வாசிப்பாங்களாம். கடைசிப் பாட்டுக்கு நீங்க என்கூட ஆடணும். என் காலை மிதிக்காம ஆடணும். இல்லேன்னா அடுத்த வருஷ டூருக்கு நான் மட்டும் வரேன். தனி ரூமுக்கு இப்பவே சொல்லி வெச்சாச்சு."

மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவர் சும்மா மிரட்டுகிற ஜாதி இல்லை. விடையைத் தெரிந்துகொண்டுதான் கேள்வியே கேட்பார். தான் இல்லாத பஸ்ஸில், ஜன்னலோரம் அவர் மட்டும் உட்கார்ந்து ஊர் பார்த்துக்கொண்டு போவதை டாக்டர் நினைத்துப் பார்த்தார். அதைவிட மோசம், அவர் சந்தோஷமாகப் போவார் என்பது.

ஆட்டமோ பிடிபடவே மாட்டேன் என்றது. ஒன்று, இரண்டு, மூன்று என்று அடி வைக்க வேண்டும். நாலில் வைக்காமல் நிற்க வேண்டும். பிறகு ஐந்து, ஆறு, ஏழு. எட்டில் மறுபடியும் நிற்க வேண்டும். இந்த நாலுதான் டாக்டரைக் கொன்றது. வாழ்நாளெல்லாம் வரிசையில் ஓட்டை விழுந்தால் அடைத்துப் பிழைப்பு நடத்தியவர். மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில் ஒரு காலியிடம் தெரிந்தால் அவர் கால் சும்மா இருக்குமா? போய் அடைத்துவிடும். அது அடைக்கிற இடத்தில் எதிராளியின் பாதம் இருக்கும். மனைவியோடு ஆடிய முதல் நாலிலேயே அந்த அம்மா "ஐயோ!" என்றது அதனால்தான்.

இப்போது மேனேஜரம்மாவும் "ஐயோ!" என்றார்.

"கொஞ்சம் வலிக்கும், பொறுத்துக்குங்க" என்றார் டாக்டர், பழக்க தோஷத்தில்.

"கடைவாய்ப்பல் புடுங்கினப்பவும் இதையேதான் சொன்னீங்க."

ஒரு சுற்று முழுக்கச் சுற்றி வரப் பொறுமை இல்லை. பக்கத்தில் இருந்த மெடிக்கல் ஷாப்காரரிடம் டாக்டர் ரகசியமாகச் சொன்னார்: "ஒரு பாட்டுக்கு மட்டும் இடம் மாத்திக்கலாமா? நீங்க மேனேஜரம்மாகிட்ட வந்துடுங்க."

"தாராளமா டாக்டர். அதுக்கு முன்னாடி இந்தப் பல்லை மட்டும் ஒரு பார்வை பார்த்துடுங்களேன். ரெண்டு நாளா ஜில்லுனு எதுவும் குடிக்க முடியல."

சொல்லி முடிப்பதற்குள் வாயைத் திறந்துவிட்டார். திறந்த வாயைப் பார்த்துவிட்டு டாக்டரால் சும்மா போக முடியாது. தாடையைப் பிடித்து விளக்குப் பக்கம் திருப்பி, "இன்னும் பெருசா... நாக்கை அமுக்குங்க..." என்றார்.

அந்த வட்டத்தில் பாதிப் பேருக்கு ஆட்டம் என்னவென்றே தெரியாது. எதிரில் இருப்பவர் செய்வதை அப்படியே செய்துகொண்டிருந்தார்கள். அவர்களும் தலையைச் சாய்த்து, விளக்கைப் பார்த்து, வாயைத் திறந்தார்கள்.

மாஸ்டர் பாட்டை நிறுத்தினார். வழிகாட்டியிடம் ஏதோ கேட்டார்.

"உங்க ஊர்ல இப்படித்தான் ஆடுவாங்களான்னு கேக்கறாரு சார்."

"பல்லுல ஓட்டைன்னு சொல்லும்யா!"

வழிகாட்டி என்ன சொன்னாரோ, மாஸ்டர் பலமாகத் தலையாட்டிவிட்டுக் கைதட்டினார். எல்லாரும் நகர்ந்தார்கள். மனைவியிடமிருந்து டாக்டர் இன்னும் ஒரு ஆள் தூரம் தள்ளிப் போனார். இப்போது அவர் எதிரில் ரிடையர்டு இன்ஸ்பெக்டரின் மனைவி. இன்ஸ்பெக்டர் டாக்டரின் மனைவியிடம் போய்ச் சேர்ந்திருந்தார்.

"நீங்க ஆட வேண்டாம் டாக்டர், சும்மா நின்னாலே போதும்" என்றார் அந்த அம்மா, மேனேஜரம்மா நொண்டுவதைப் பார்த்துக்கொண்டே. ஆனால் நாலு வந்தது. டாக்டரின் காலும் வந்தது.

அப்போதுதான் அவர் ஒன்றைக் கவனித்தார். கண்ணாடிச் சுவர் ஓரமாக நின்ற இரண்டு ஜோடிகள் மட்டும் கைதட்டலுக்கு அசையவே இல்லை. அதே ஆளோடு நிம்மதியாக ஆடிக்கொண்டிருந்தார்கள். பாவம், காது மந்தம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

வலது பக்கமாகப் போனால்தானே சுற்று? இடது பக்கமாகப் போனால் இரண்டே எட்டு. அடுத்த கைதட்டலுக்கு உலகமே வலப்புறம் நகர, டாக்டர் மட்டும் இடப்புறம் பாய்ந்தார். மெடிக்கல் ஷாப்காரர் விலகிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் விலகவில்லை. இருவரும் மார்போடு மார்பு மோதினார்கள்.

"ஒன் வேயில எதிர்ல வரீங்களே டாக்டர்!" என்று இன்ஸ்பெக்டர் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். ரிடையர் ஆனது உத்தியோகத்திலிருந்துதான், பழக்கத்திலிருந்து இல்லை.

"என் வொய்ஃப்கிட்ட போறேன், விடுங்க சார்."

"எல்லாரும் இப்படித்தான் ஒரு காரணம் சொல்லுவாங்க."

மாஸ்டருக்கு இவர் மேல் இரக்கம் வந்துவிட்டது. இந்த மனிதருக்கு வலது எது, இடது எது என்றே தெரியவில்லை என்று முடிவு செய்து, கையைப் பிடித்து வட்டத்தின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார். தன்னந்தனியாக ஆட வைத்தார். தாளத்துக்குக் கை வேறு தட்டினார். தாளத்துக்குத் தட்டுகிற கை எது, ஜோடி மாற்றத் தட்டுகிற கை எது என்று தெரியாமல் ஆண்கள் அத்தனை பேரும் நகர்ந்துகொண்டே இருந்தார்கள். நடுவில் நின்று டாக்டர் பார்த்துக்கொண்டிருக்க, ஊரில் உள்ள ஆண்பிள்ளைகள் எல்லாம் அவர் மனைவியோடு ஆளுக்கு ஒரு அடி ஆடிவிட்டுப் போனார்கள். அந்த அம்மா சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை டாக்டர் வீட்டில் பார்த்தே பல காலம் ஆயிற்று.

இனி நேர்வழி உதவாது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. பாத்ரூம் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தார். பெண்கள்தான் நகர்வதில்லையே? மனைவி நிற்பது கடிகாரத்துக்கு நேர் கீழே. திரும்பி வந்து, பாட்டு நிற்கிற நேரமாகப் பார்த்து, கடிகாரத்துக்குக் கீழே போய் நின்றுவிட்டால் யார் என்ன செய்ய முடியும்? முகத்தைக் கழுவிக்கொண்டு, புது மனிதராக வந்து கடிகாரத்துக்குக் கீழே நின்றார்.

அங்கே மனைவி இல்லை.

"மாத்திட்டாங்க சார்" என்றார் வழிகாட்டி. "இனிமே ஆம்பளைங்க நிப்பாங்க. லேடீஸ்தான் நகரணும்."

"சரி, நகரட்டும். நான் இங்கயே நிக்கறேன். என்கிட்ட வந்துதானே ஆகணும்?"

"அதுல ஒரு சின்னச் சிக்கல் சார். நீங்க வெளிய போனதும் உங்க இடத்துல மாஸ்டரே நின்னுட்டாரு. இப்ப லேடீஸ்லதான் ஒண்ணு குறையுது. மேனேஜரம்மா கால் வீங்கி உட்கார்ந்துட்டாங்க. அவங்க உட்கார்ந்ததுக்கு யார் காரணமோ, அவரே அந்த இடத்தை நிரப்பட்டும்னு மாஸ்டர் சொல்றாரு."

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் அவர் மணிக்கட்டில் ஒரு சிவப்பு ரிப்பன் ஏறிவிட்டது. ரிப்பன் கட்டிக்கொண்டவர் பெண்கள் வரிசை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையாக, மனைவியைத் தேடிப் போனவர் மனைவிக்கு அடுத்த பெண்ணாகிவிட்டார்.

மனைவி நகர்ந்தால் இவரும் நகர்ந்தார். மனைவி விட்டுப்போன ஆளிடம் இவர் போனார். பக்கத்திலேயேதான் இருந்தார். ஆனால் உலகம் உள்ளளவும் சுற்றினாலும் இரண்டு பேரும் எதிரெதிரே வரப்போவதில்லை. இதைக் கண்டுபிடிக்கக் கணக்கு டீச்சர் தேவையில்லை.

"என்னங்க, இந்தப் பக்கம்?" என்றார் மனைவி, ஆடிக்கொண்டே.

"உன்கூட ஆடத்தான்."

"பொம்பளைங்க வரிசையில வந்து நின்னா எப்படி ஆடறது?"

"நானா வந்து நின்னேன்? கட்டி விட்டுட்டாங்க."

"ரிப்பன் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு மனைவி அடுத்த ஆளிடம் நகர்ந்தார்.

டாக்டருக்குக் கிடைத்தவர் இன்ஸ்பெக்டர். குற்றவாளியை ஜீப்பில் ஏற்றுகிற மாதிரி பிடித்துக்கொண்டார். ஒன்று, இரண்டு, மூன்று. பூட்ஸ் போட்டுப் பழகிய கால் டாக்டரின் பெருவிரல் மேல் இறங்கியது.

"அய்யய்யோ! நாலுல நிக்கணும் சார்! நாலுல அடியே கிடையாது!"

"என்ன பண்றது டாக்டர், நாலைச் சும்மா விட மனசு வரமாட்டேங்குது."

"விடணும் சார்! அங்க அடுத்தவங்க கால் இருக்கு!"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது டாக்டருக்கே காதில் விழுந்தது. இன்ஸ்பெக்டருக்குப் பிறகு வந்த ஆளும் மிதித்தார். அதற்கடுத்தவர் மிதித்துவிட்டு மன்னிப்பும் கேட்கவில்லை. ஒவ்வொரு மிதிக்கும் அந்த நாலு எங்கே இருக்கிறது என்பது டாக்டருக்குப் பாதத்தின் வழியாகப் புரிந்தது. கிளாஸ் முடிகிற நேரத்தில், நாலு என்றாலே அவர் கால் தானாகப் பின்வாங்கியது.

பக்கத்து ஹாலில் பேண்டு சத்தம் கூரையைப் பிய்த்தது. டாக்டர் ஒரு மூலையில் உட்கார்ந்து, ஐஸ் தண்ணீர் டம்ளரைக் கால்விரல் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். கடைசிப் பாட்டு என்று அறிவித்ததும் ரிப்பனை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டு, கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு மனைவி முன்னால் போய் நின்றார். யாராவது கைதட்டிவிடுவார்களோ என்று சுற்றிலும் ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

"ஆடலாமா?"

"என் கால்?"

"நாலுல நிப்பேன். சத்தியமா நிப்பேன்."

ஆடினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நின்றார். ஐந்து, ஆறு, ஏழு, நின்றார். மனைவி முதலில் குனிந்து அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார். பாட்டு முடிகிறவரை பார்த்தார். டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. கால்விரல் வலி பாதி, சந்தோஷம் பாதி.

"பரவாயில்லையே" என்றார் மனைவி. போகிற போக்கில் வழிகாட்டியிடம், "அடுத்த வருஷம் தனி ரூம் வேண்டாங்க. ரெண்டு பேருக்கும் சேர்த்தே போட்டுடுங்க" என்றும் சொன்னார்.

பஸ்ஸுக்குப் போகிற வழியெல்லாம் ஒரே முனகல். மேனேஜரம்மா இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். இன்ஸ்பெக்டரின் மனைவி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுவிட்டார். மெடிக்கல் ஷாப்காரர் ஒரு கையால் தாடையையும் ஒரு கையால் முழங்காலையும் பிடித்திருந்தார். கணக்கு டீச்சர் ஒருவர்தான் நொண்டாமல், முதல் ஆளாகப் படியேறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து சீட்டில் கைப்பையை வைத்து இடம் பிடித்தார்.

ஜெயித்துவிட்ட தெம்பில் டாக்டருக்குக் கோபம் திரும்பி வந்தது. படிக்கட்டில் நின்று தலை எண்ணிக்கொண்டிருந்த வழிகாட்டியைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன்யா, ஜோடியா வந்தவங்களுக்கு ஒரு வழி வெச்சிருக்க வேண்டாம்? பொண்டாட்டிகிட்ட போய்ச் சேர்றதுக்குள்ள என்னை எத்தனை பாடு படுத்தினீங்க! நான் மேலிடத்துல கம்ப்ளெயின்ட் பண்ணாம விடமாட்டேன்."

வழிகாட்டி எண்ணிக்கொண்டிருந்ததை நிறுத்தி, பஸ்ஸுக்குள் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஜோடி மாற இஷ்டமில்லாதவங்க கண்ணாடி ஓரமா நிக்கலாம்னு பஸ்லயே மைக்ல சொன்னேனே சார், நீங்க தூங்கிட்டு இருந்தீங்க, உங்களை மட்டும் நல்லா சுத்தி விடச் சொன்னது டீச்சரம்மாதான் - 'ஊரார் காலை மிதிச்சுப் பழகட்டும், என் கால் தானா தப்பிக்கும்'னாங்க."